பேராயரா, ஆயரா?

பாளையங்கோட்டைத் திருமண அழைப்பிதழில் தென்னிந்தியத் திருச்சபைத் தலைவரைப் ‘பேராயர்’ என்றும், கத்தோலிக்கத் தலைவரை ‘ஆயர்’ என்றும் போட்டால் ஒருவரைத் தாழ்த்தியதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, அப்படியே அச்சிடுங்கள். இருவருமே பிஷப்தான். கத்தோலிக்கர் ‘பேராயர்’ என்பதைப் பிஷப்புக்கும் மேல்நிலையிலுள்ள ஆர்ச்பிஷப்புக்கு வைத்துக்கொண்டார்கள். தென்னிந்தியத் திருச்சபையோ பிஷப்பையே அப்படி அழைக்கிறது.

ஆயர் என்றால் மேய்ப்பர். பிஷப் என்ற சொல்லின் வேர் வேறு: கிரேக்கத்தில் ‘எபிஸ்கோப்பொஸ்’, அதாவது மேற்பார்த்துக் காப்பவர். பழைய தமிழ் வேதாகமம் தீமோத்தேயு நிருபத்தில் அதைக் ‘கண்காணி’ என்கிறது. என்ன அழகான சொல்! கண்ணும் காணலும் அதிலேயே இருக்கின்றன. நம் முன்னோர் சொன்ன ‘அத்தியட்சர்’ என்ற வடசொல்லுக்கும் அதே பொருள். தாத்தாவின் திருமணச் சான்றிதழில் அந்தச் சொல் இருந்தால் மலைக்காதீர்கள், அதுவும் பிஷப்தான்.