நம் வீட்டு மாடி சோலாரால் உலகச் சூடு குறையுமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் வரை கரண்ட் ஓடுகிறது. பில் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் மாடியில் சோலார் போடச் சொல்கிறான். மூன்று கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாயும் இரண்டு கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாயும் விலை சொல்லியிருக்கிறார்கள். அரசு மானியம் உண்டாம். 'பூமி சூடாவதைத் தடுப்பதில் உங்கள் பங்கு' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. சாயாக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். 'சைனாவும் அமெரிக்காவும் விடுற புகைக்கு முன்னால உன் மாடி என்ன செய்யும்? கவர்மெண்ட் சட்டம் போட்டா வெயில் கேக்குமா?' என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கொல்லங்கோடு பக்கம் கடலோரத்தில் தங்கை வீடு இருக்கிறது. வருஷா வருஷம் கடல் கொஞ்சம் உள்ளே வருகிறது. இந்தத் திட்டங்களால் அதற்காவது பலன் உண்டா? சோலார் போடலாமா, வேண்டாமா?"

முதலில் சாயாக்கடைக் கணக்கைப் பார்ப்போம். அவர்கள் சொல்வதில் பாதி சரிதான்.

கரியமில வாயு ஒரு லட்சம் கோடி டன் கூடினால் பூமியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.45 டிகிரி கூடும். இது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு. உங்கள் மாடியில் இரண்டு கிலோவாட் சோலார் ஆண்டுக்கு 2,500 யூனிட் கொடுக்கும் என்று வையுங்கள். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் ஆண்டுக்கு ஒன்றே முக்கால் டன், இருபத்தைந்து வருஷத்துக்கு நாற்பத்தைந்து டன் போல மிச்சம். லட்சம் கோடிக்கு முன்னால் நாற்பத்தைந்து. எந்தத் தெர்மாமீட்டரும் இதைக் காட்டாது. உங்கள் மாடியை விடுங்கள், இந்தியா முழுவதும் ஒரு வருஷம் அடுப்பையும் வண்டியையும் ஆலையையும் அணைத்துவிட்டால்கூட மிச்சமாவது சுமார் 300 கோடி டன்தான். டிகிரிக் கணக்கில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். ஆகவே நோட்டீஸில் போட்டிருப்பதை நம்பி யாரும் பணம் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

ஆனால் அதே கணக்கை உலகத்துக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து வருஷத்துக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன் விடுகிறோம். அது வருஷத்துக்கு 0.018 டிகிரி, பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட 0.2 டிகிரி. பூமி இப்போது சூடாகிவரும் வேகமும் ஏறத்தாழ அதுதான். அதாவது ஒவ்வொரு டன்னும் குடத்தில் விழும் சொட்டு. ஒரு சொட்டால் குடம் நிறையாது, ஆனால் சொட்டைத் தவிர குடத்தில் வேறு எதுவும் இல்லை.

சரி, அந்தச் சொட்டை அரசாங்கத்தால் குறைக்க முடியுமா? வெயில் சட்டத்தைக் கேட்காது, உண்மை. விலை கேட்கும். இதற்கு ஆதாரம் தேடி நீங்கள் ஐ.நா. வரை போக வேண்டாம், ஆரல்வாய்மொழி வரை ஒரு பஸ் ஏறினால் போதும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று இன்று நேற்று அடிக்கத் தொடங்கியதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில், மலைக்கு நடுவே இருக்கும் அந்த வாசலில் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆளைத் தள்ளும். நம் தாத்தா காலத்திலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கணவாயில் உள்ள முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி முளைத்தது 1990களில்தான். காற்று மாறவில்லை, வருமான வரிச் சட்டம் மாறியது. காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானம் என்று வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சொன்னது. இங்கே உற்பத்தி செய்த மின்சாரத்தைத் தன் கம்பி வழியே கொண்டுபோய்க் கொங்கு நாட்டு மில்லில் பயன்படுத்திக்கொள்ள மின்வாரியம் அனுமதித்தது. உடனே நூல் மில் முதலாளிகள் இங்கே வந்து இடம் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் நான் அங்கே பராமரிப்பு வேலையில் இருந்தேன். வந்தவர்களில் ஒருவர்கூட பூமி சூட்டைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஆடிட்டரோடுதான் வந்தார்கள்.

2012இல் அந்த வரிச் சலுகையும் அதோடு ஓர் ஊக்கத்தொகையும் நின்றுபோயின. முந்தைய நிதியாண்டில் நாடெங்கும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை நட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 1,700 ஆகச் சரிந்தது. அந்த ஆண்டும் காற்று அடிக்கத்தான் செய்தது. அரசு சொன்னால் ஒன்றும் நடக்காது என்கிறவர்களிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லுங்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று வீசும் மாதங்களில் அந்த அளவுக்கு நிலக்கரி எரியாமல் மிச்சமாகிறது.

'சின்ன நாடு ஒன்று தனியாகச் செய்து என்ன ஆகப்போகிறது?' என்பதற்கும் பதில் உங்கள் மாடியில்தான் இருக்கிறது. உலகப் புகையில் ஜெர்மனியின் பங்கு இன்று இரண்டு சதவீதம்கூட இல்லை. 2000இல் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது: யார் சோலார் மின்சாரம் கொடுத்தாலும் இருபது வருஷத்துக்கு நிச்சயமான விலை. ஜெர்மனி ஒன்றும் வெயிலுக்குப் பேர்போன தேசம் அல்ல, நம் ஊரில் ஆடிச் சாரல் நாளில் அடிக்கும் வெயில் அங்கே நல்ல வெயில். ஆனாலும் பேனலுக்கு கிராக்கி வந்தது. சைனாவில் தொழிற்சாலைகள் பெருகின. 2010க்குப் பிந்தைய பத்து வருஷத்தில் பேனல் விலை பத்தில் ஒன்றாகிவிட்டது. உங்களுக்கு இன்று 1,40,000 ரூபாய்க்கு சோலார் கிடைப்பதில் ஜெர்மன்காரர்கள் அன்று கூடுதலாகக் கட்டிய கரண்ட் பில்லுக்கும் பங்கு உண்டு. உங்கள் நண்பர் குறை சொல்லும் அதே சைனாதான் இப்போது உலகிலேயே அதிகமாக சோலார் நடும் நாடும்கூட. (புகை விடுவதிலும் முதலிடம் அதற்குத்தான். உலகப் புகையில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.)

எல்.இ.டி. பல்பை நினைத்துப் பாருங்கள். 2014இல் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு மொத்தக் கொள்முதல் செய்தது. கோடிக்கணக்கில் வாங்க வாங்க, இரண்டே வருஷத்தில் அது 38 ரூபாய்க்கு வந்தது. இப்போது குண்டு பல்பு கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்.

இதையெல்லாம்விட வலுவான உதாரணம் பழைய பிரிட்ஜ். அதில் ஊற்றிய குளோரோ புளோரோ கார்பன் வாயு ஓசோனைத் தின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு வகை, எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1987இல் மாண்ட்ரியலில் அரசாங்கங்கள் கூடி அதை நிறுத்த ஒப்பந்தம் போட்டன. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. இன்று காற்றில் அந்த வாயுவின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. அதற்குப் பதிலாக வந்த ஏ.சி. வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் ஒப்புக்கொண்டார்கள். அதை ஒழுங்காக நிறைவேற்றினால் இந்த நூற்றாண்டு முடிவில் அரை டிகிரி வரை மிச்சம். சட்டம் போட்டால் வெயில் கேட்குமா என்றால், இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கேட்டிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் சந்தேகத்தை நான் முழுவதும் துடைக்கப் போவதில்லை, துடைக்கவும் கூடாது. 1992இல் ரியோவில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு கூடியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 356 பங்கு. எத்தனையோ மாநாடுகளுக்குப் பிறகு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2015இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது, இருந்த கொள்கைகளின்படி போனால் நூற்றாண்டு முடிவில் ஏறத்தாழ 4 டிகிரி கூடும் என்றார்கள். இப்போதைய கொள்கைகளின்படி 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. ஒரு டிகிரி இறங்கியது பெரிய விஷயம்தான், ஆனால் 3 டிகிரி நல்ல இடமும் அல்ல. அப்புறம், எல்லாத் திட்டத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம்பவும் வேண்டாம், ஒரே மூட்டையாகத் தூக்கி எறியவும் வேண்டாம். மரம் நடும் விழாவா? நட்ட கன்றை எண்ணுகிறார்களா, மூன்று வருஷம் கழித்து நிற்பதை எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு பொருளின் விலையையோ விதியையோ மாற்றாத திட்டத்தை நான் பெரும்பாலும் போட்டோவுக்கான திட்டமாகவே எடுத்துக்கொள்வேன்.

தங்கை வீட்டு விஷயம். இது கேட்க நன்றாக இருக்காது. சோலார், காற்றாலை, மாநாடு எதுவும் உங்கள் தங்கையின் ஆயுளில் அந்த வீட்டைக் காப்பாற்றாது. 1901 முதல் இதுவரை உலகக் கடல்மட்டம் இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறது. நாளைக்கே எல்லாப் புகையும் நின்றாலும், கடல் ஏற்கெனவே விழுங்கிய சூட்டால் இன்னும் நெடுங்காலம் ஏறும். ஆனால் நம் மேற்குக் கரையில் கடல் உள்ளே வருவதற்கு அது மட்டும் காரணமில்லை. கரையோரம் மணல் ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாலோ, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவு போட்டாலோ ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊருக்கு வரவேண்டிய மணல் நின்றுபோகும். அங்கே கடல் கரையைத் தின்னும். இதற்கு சைனாவைக் குறை சொல்ல முடியாது. இங்கே எடுக்கும் முடிவுக்கு இங்கேயே பலன் தெரியும். சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆய்வு மையம், எந்தக் கரை தேய்கிறது, எந்தக் கரை வளர்கிறது என்று வரைபடம் போட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில், 'எங்கள் ஊருக்கு மணல் ஏன் வரவில்லை, அடுத்த தூண்டில் வளைவு போட்டால் யாருக்குக் குறையும்?' என்று ஊரோடு சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு மேல் மாடி எடுக்கும் யோசனை இருந்தால் கைவிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சோலார். போடலாம். பணக் கணக்குக்காகப் போடுங்கள்.

2024இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். மூன்றுக்கு மேல் போட்டாலும் அதே 78,000தான். மானியம் வேலை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். பேனல் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு கிலோவாட். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, தூத்துக்குடிக்காரருக்குக் கிடைக்கும் அளவு நமக்குக் கிடைக்காது. ஒரு நாளைக்கு சராசரி 7 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 420. உங்கள் 620 யூனிட், 200 ஆக இறங்கும். அதில் முதல் 100 இலவசம், மீதி மலிவான படி. 500ஐத் தாண்டிய விலை உயர்ந்த யூனிட்டுகள் எல்லாம் போய்விடும். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் போல மிச்சம், கையிலிருந்து போட்ட 80,000 ஐந்தாறு வருஷத்தில் திரும்பும். மூன்று கிலோவாட் போட்டால் மானியம் போக இன்னும் 37,000 கூடுதல் செலவு, அதனால் குறைவது இரண்டு மாதத்துக்கு இருநூறு, முந்நூறு ரூபாய்தான். புதிதாக ஏ.சி.யோ பேட்டரி ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மூன்றைப் பற்றி யோசியுங்கள்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மேல் ஷாக் அடிக்காமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2017இல் ஒக்கி புயல் வந்து மரமும் போஸ்டும் சாய்ந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அப்படி ஒரு நாளில் மாடி நிறைய வெயில் அடித்தாலும் பேன் சுற்றாது. உங்கள் பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

தாங்கும் சட்டத்துக்கு நல்ல துத்தநாகப் பூச்சு இருக்கிறதா, காற்றுக்குத் தகுந்த போல்ட்டா என்று பாருங்கள். சாய்வு எட்டிலிருந்து பத்து டிகிரி போதும், முகம் தெற்கே. வீட்டைச் சுற்றித் தென்னை இருக்கும், அதன் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். தெற்கே நிற்கும் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம் ஊரில் மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும், ஆனியில் உச்சிச் சூரியன் வடக்கே போய்விடும். வடக்குப் பக்கத்து வீட்டுத் தென்னையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.