ஃபென்வேயின் இடது களமும் பின்வரிசை வசவுகளும்

வணக்கம். பாஸ்டனின் ஃபென்வே பார்க் பேஸ்பால் மைதானத்தில் பின்வரிசையினர் இடது வெளிக்கள வீரரை ஆட்டம் முழுதும் வசைபாடியதில் உங்கள் மகன் அழுதுவிட்டதாகவும், அவ்வீரர் உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே இடது களத்தின் பின்னுள்ள 'கிரீன் மான்ஸ்டர்' சுவர் 37 அடி உயரம். வேறு மைதானங்களில் எளிதாகப் பிடிபடும் உயரப் பந்துகள்கூட இதில் மோதித் திரும்புவதால், அவற்றுக்காக அவரைப் பழிப்பது நியாயமன்று. திரும்பும் பந்தின் போக்கைக் கணித்து நின்று, அடித்தவரை முதல் பேஸிலேயே (அவர் ஓடி எட்ட வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) நிறுத்துகிறாரா என்பதையே பாருங்கள்; பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் முன்னாள் இடது வெளிக்கள வீரர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அதில்தான் பெயர் பெற்றார். 'எரர்' (களத்தடுப்புப் பிழை) எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், எட்டவே முடியாத பந்துக்கு எரர் எழுதப்படுவதில்லை. கூச்சலிடுவது ரசிகரின் உரிமை. குழந்தைகள் நடுவே கெட்ட வார்த்தை பேசுவது அப்படியன்று. அடுத்த முறை அவர்களுடன் வாதிடாமல், அப்பகுதியில் நிற்கும் மைதானப் பணியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.