காயம் சொல்வதும் கூட வந்தவர் சொல்வதும்: குழந்தைகள் பல் டாக்டரிடம் கேள்வி பதில்

குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிறேன். பெரியவர்களின் கொடுமைக்கு ஆளாகி அடி வாங்குகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் தலை, முகம், கழுத்தில்தான் காயம் இருக்கும், அந்த இடத்தை லைட் போட்டுக் கிட்டத்தில் பார்ப்பவர்கள் நாங்கள். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், வந்தவற்றில் சில இதோ.

டாக்டர், விழாத குழந்தை உண்டா? விழுந்ததா அடித்ததா என்று எப்படித் தெரியும்?

ஓடி விழுகிற பிள்ளைக்கு நெற்றி, மூக்கு, முகவாய், முழங்கால் என்று எலும்பு முட்டி நிற்கிற இடத்தில் அடிபடும். காது மடல், காதுக்குப் பின்னால், கழுத்து, கன்னத்துச் சதை, இங்கெல்லாம் தரை வந்து மோதாது. நாலு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் யோசிக்க வேண்டும், புரளவே தெரியாதது எதில் போய் இடிக்கும்? மேலுதட்டை ஈறோடு பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு நடை பழகும் வயதில் விழுந்து கிழிவது சகஜம்தான், ஆனால் இன்னும் தவழாத குழந்தைக்குக் கிழிந்திருந்தால் அழுகிற வாயில் பாலாடையையோ ஸ்பூனையோ திணித்தார்களா என்று கேட்பேன். மேலண்ணத்தின் பின்பகுதியில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் தொண்டைத் தொற்று, கடும் வாந்தி எல்லாம் விசாரித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லையென்றால் பாலியல் வன்முறையையும் மனதில் வைப்பேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையன் வந்தான், நாலு வயது, முன்பல் உடைந்திருந்தது. கட்டிலிலிருந்து விழுந்தான் என்றார் அம்மா. வண்டியை நிறுத்திவிட்டு வந்த அப்பா, பாத்ரூமில் வழுக்கிவிட்டான் என்றார். சேரைச் சாய்த்துத் தலையைத் திருப்பினால் காதுக்குப் பின்னால் நீலம். பல்லைச் சரிசெய்து, கார்டில் ‘விழுந்த காயம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதற்கப்புறம், யார் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

காயத்தின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று சொல்லலாமா மேடம்? பிடிஎஸ் முடித்த புதுசு.

வேண்டாம் தம்பி. நிறம் ஏமாற்றும். ‘வலது காதின் பின்புறம், நீலம், 2 செ.மீ.’ என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

வாயெல்லாம் சொத்தையாக விட்டு வைப்பதும் கொடுமையில் சேருமா?

உடனே சேர்த்துவிடாதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வரவேண்டியவர்கள் இருக்கிறார்கள், பால் பல்தானே, விழுந்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் விளக்கி, அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லி, நாமே ஒரு போனும் போட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, வசதியிருந்தும், கன்னம் வீங்கி ராத்திரி தூங்காத பிள்ளையைக் கூட்டி வரவில்லையென்றால் அது புறக்கணிப்பு.

சின்ன ஊர். போலீஸுக்குச் சொன்னால் நாளைக்கு யார் என் கிளினிக்குக்கு வருவார்கள்?

பயம் நியாயம்தான். ஆனால் பாலியல் விஷயத்தில் சட்டம் நமக்கு வேறு வழி வைக்கவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கும் என்று அஞ்சினாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் பாயாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. தகவல் தரவில்லை என்று ஒரு டாக்டர் மேல் போட்ட வழக்கு ஐகோர்ட்டில் ரத்தாகி, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. அடி உதை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நிரூபிப்பது நம் வேலை இல்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

குழந்தையிடம் என்ன கேட்பது?

“இது எப்படி ஆச்சு கண்ணு?” அவ்வளவுதான். “அப்பா அடிச்சாரா?” என்று நாமே வாயில் போட்டுக் கொடுக்கக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற சத்தியமும் வேண்டாம், காப்பாற்ற முடியாது.

என் பெண் ஊஞ்சலிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் என்னைத் திருடனைப் போல விசாரித்தார்கள்.

கேட்ட விதம் தப்பு சார், அதற்கு உங்களிடம் வருத்தம் தெரிவிக்கத்தான் முடியும். ஆனால் கேள்வியே தப்பில்லை. ரத்தம் உறையாத நோயிலும் கன்றும், பிறவியிலேயே நீல மச்சம் இருக்கும், சிரங்குப் புண் சிகரெட் சூடு மாதிரியே தெரியும். கேட்காமல் எப்படிப் பிரிப்பது? நான் எல்லாரிடமும், டாக்டர் வீட்டுப் பிள்ளை வந்தாலும், ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

காயத்தைப் படமெடுத்து எங்கள் டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்கலாமா?

கூடாது. கண்ணைக் கறுப்பு அடித்தாலும் ஊருக்குள் அடையாளம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல் கேளுங்கள்.