மகன் செலக்டிவ் சர்வீஸில் பதிவு செய்யாமல் விட்டால் பின்னால் வேலைக்குப் பாதிப்பு வருமா?

மகனுக்கு 25 வயது முடிந்து சில மாதம் ஆகிறது, க்ரீன் கார்டு இருக்கிறது, அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்க வேண்டி வந்தால் என்று ஆண்களின் பெயரைப் பட்டியலில் வைத்திருக்கும் அரசு அமைப்பான செலக்டிவ் சர்வீஸில் இதுவரை பதிவு செய்யவில்லை, "கட்டாய ராணுவ ஆள்சேர்ப்புதான் இப்போது இல்லையே, விட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப்பு வரும். எனக்கு வந்தது. என் கதை நீளம், அதனால் உங்களுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 26ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வரைதான் பதிவு செய்ய முடியும். அதற்கு அப்புறம் நீங்களே கெஞ்சினாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆன்லைனில் சில நிமிஷ வேலை. உங்கள் பையன் இன்னும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறான்.

நான் வக்கீல் இல்லை, சிவில் இன்ஜினியர். சட்டம் தெரியாதது ஒரு சாக்கா என்று கேட்க யாராவது வருவார்கள், தெரியும். சாக்கு சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் அமெரிக்கா வந்தது 2003 அக்டோபரில். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பல வருஷங்களுக்கு முன்னால் உடன்பிறந்தவர் என்ற முறையில் போட்ட மனு ஊறி ஊறி அப்போதுதான் பழுத்தது. எனக்கு 17 வயது, தங்கைக்கு 13. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். கும்பகோணத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த அப்பா இங்கே கிடங்கில் பெட்டி தூக்கினார். 2004 மார்ச்சில் எனக்கு 18 முடிந்தது. 18 முதல் 25 வரை வயதுள்ள ஆண் யாராக இருந்தாலும், சிட்டிசனோ க்ரீன் கார்டோ, ஏன், எந்தக் காகிதமும் இல்லாமல் இருப்பவரோகூட, பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முறையான மாணவர் விசாவிலோ, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவிலோ இருக்கும் வரை தேவையில்லை. ஆனால் 26க்குள் க்ரீன் கார்டு வந்துவிட்டால் அந்த நாளில் இருந்து தேவை. நம்மவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஹெச்-4இல் இருந்தபோது "நமக்கு வேண்டாம்" என்று யாரோ சொன்னது அப்படியே மனதில் நின்றுவிடும்.

மற்றப் பையன்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் அப்போது ஒரு கட்டம் இருந்தது, அதை டிக் செய்தால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். என் கூடப் படித்தவர்களில் பலர் அப்படித்தான் பதிவானார்கள், பலருக்கு அது நடந்ததே தெரியாது. எங்கள் அப்பா ஃபாஃப்சா போட விடவில்லை. "வந்த இடத்தில் கவர்மென்ட்டிடம் கை நீட்டக் கூடாது, படிப்புக்கு நான் கட்டுகிறேன்" என்றார். கட்டவும் செய்தார், இரண்டு ஷிப்ட் பார்த்து. அதை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் நினைக்கிறேன், அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். இப்போது ஃபாஃப்சாவில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள், பதிவு செய்யாதவனுக்கும் கல்வி உதவி உண்டு என்று சட்டம் மாறிவிட்டது. நல்லதுதான், ஆனால் தெரியாமலே பதிவாகிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இருந்த ஒரு வலையும் அதோடு போயிற்று.

2012 மார்ச்சில் எனக்கு 26 ஆனது. அன்றைக்குக் கேக் வெட்டினோம். ஒரு கதவு சாத்திக்கொண்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

சிட்டிசன்ஷிப்புக்கு நான் விண்ணப்பித்தது 2018இல், 32 வயதில். அதுவரை இந்தியக் குடியுரிமையை விட அப்பாவுக்கு மனசில்லை, ஊரில் தாத்தா நிலம் இருந்தது. விண்ணப்பத்தில் செலக்டிவ் சர்வீஸ் பற்றிய கேள்வியைப் பார்த்து பயந்துபோய் ஒரு வக்கீலிடம் கேட்டேன். 31 தாண்டிவிட்டால் அதைக் காரணம் காட்டி மறுக்க மாட்டார்கள் என்றார். 26க்கும் 31க்கும் நடுவில் இருப்பவர்கள்தான், பதிவை வேண்டுமென்றே விட்டுவிடவில்லை என்று காட்ட வேண்டுமாம். அவர் சொன்னது சரிதான், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், சத்தியப்பிரமாணம் எடுத்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இங்கேதான் தவறினேன். சிட்டிசன்ஷிப் ஒரு வாசல், ஃபெடரல் வேலை, அதாவது மத்திய அரசு வேலை, வேறு வாசல், ஒன்றில் மன்னித்தது மற்றதில் செல்லாது. இதை யாராவது அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் மனதையாவது தயார் செய்திருப்பேன்.

2021இல் ஒரு ஃபெடரல் அலுவலகத்தில் நீர்வளத் திட்டங்களுக்கான இன்ஜினியர் வேலைக்குத் தேர்வானேன். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பத்து வருஷமாக நான் விரும்பிய வேலை. தற்காலிக ஆஃபர் வந்தது, வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்புறம் ஓஎஃப்-306 என்று ஒரு படிவம் வந்தது. 1959 டிசம்பர் 31க்குப் பின் பிறந்த ஆணா? ஆம். செலக்டிவ் சர்வீஸில் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லை. காரணம் எழுதுக.

1985இல் வந்த சட்டம் அது. பதிவு செய்யாமல் 26ஐத் தாண்டியவனுக்கு ஃபெடரல் நிர்வாகத்துறை வேலை கிடையாது, தெரிந்தே, வேண்டுமென்றே விடவில்லை என்று அவன் நிரூபித்தால் ஒழிய. கவனியுங்கள், நிரூபிக்க வேண்டியது அவர்கள் இல்லை, நாம். ஐந்து வருஷம் ஜெயில், இரண்டரை லட்சம் டாலர் அபராதம் என்று ஏட்டில் இருக்கிறது, ஆனால் 1986க்குப் பிறகு யார் மேலும் வழக்குப் போட்டதில்லை. "யாரையும் பிடிக்கவில்லையே" என்று சிலர் சொல்வது அதை வைத்துத்தான். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, நாமாக ஒரு நாள் வேலை கேட்டுப் போவோம் இல்லையா. உள்ளே இருப்பவர்களுக்கும் இது வந்திருக்கிறது. வரித்துறையில் பல வருஷம் வேலை பார்த்த எல்ஜின் என்பவர் இதே காரணத்துக்காக வேலை இழந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2012இல் நீதிமன்றம், ஊழியர்களுக்கென்று இருக்கும் வாரியத்தின் வழியாகத்தான் நீ போக வேண்டும், மாவட்ட நீதிமன்றத்துக்கு நேராகப் போக முடியாது என்று சொல்லிவிட்டது. மாநில அரசு வேலைகளுக்கும் பல மாநிலங்களில் இதே மாதிரிச் சட்டம் உண்டு.

நிரூபிக்க முதல் படி, பதிவு செய்திருக்க வேண்டியவனா, செய்தானா என்று சொல்லும் நிலைக் கடிதம் ஒன்றை செலக்டிவ் சர்வீஸிடம் வாங்க வேண்டும். இங்கே என் பெயர்த் தகராறைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நம் ஊரில் யாருக்கு இருக்கிறது? இனிஷியல் போதும் நமக்கு. விசாவில் என் பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயர் தெரியாது என்பதற்கு எஃப்என்யூ என்று போட்டார்கள். க்ரீன் கார்டில் அப்படியே வந்தது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் சேர்ந்தது, கல்லூரிச் சான்றிதழில் என் பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். தங்கை பெயர் வேறு மாதிரி. ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கடைசிப் பெயர். பள்ளியில் முதல் நாள் ஆசிரியர் என்னை 'ஃப்னூ' என்று கூப்பிட்டார், அடுத்த இரண்டு வருஷம் அதுதான் என் பெயர். தலைமுறைகளாக அப்பன் பெயரின் முதல் எழுத்தோடு கௌரவமாக வாழ்ந்த சமூகம் நாம், ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாத ஆட்கள் மாதிரி நம்மை நிற்க வைக்கிறார்கள், அதற்கு இன்று வரை யாரும் ஒரு வழி செய்யவில்லை. இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டவே எனக்கு ஐந்து வாரம் போனது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். நான் பதிவு செய்திருக்க வேண்டியவன், செய்யவில்லை என்று இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே, 2004இல் இரண்டு முறை எனக்கு நினைவூட்டல் தபால் அனுப்பியதாக, எங்கள் பழைய எடிசன் முகவரியோடு எழுதியிருந்தது.

நான் அந்தத் தபாலைப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து, "18 வயசில எனக்கு கவர்மென்ட் லெட்டர் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் சொன்னாள். வந்ததாம். மேலே கழுகு முத்திரை இருந்ததாம். மிலிட்டரி என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். அது ஈராக் போர் நடந்துகொண்டிருந்த வருஷம், சாயங்காலம் டிவியைப் போட்டால் இறந்துபோன பையன்களின் போட்டோ வரும், என் வயசுப் பையன்கள். முதல் தபாலைச் சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் வைத்தாளாம், இரண்டாவதைக் கிழித்துப் போட்டாளாம். அப்பாவிடமும் சொல்லவில்லை. "உன்ன தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்டா" என்றாள்.

1973க்குப் பிறகு அமெரிக்காவில் யாரையும் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுத்ததில்லை. 1975இல் பதிவையே நிறுத்தி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்த பிறகு 1980இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். பெயரைப் பட்டியலில் வைத்துக்கொள்வது மட்டும்தான், திரும்ப ஆள் எடுக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். இதெல்லாம் கும்பகோணத்தில் இருந்து ஆறு மாதம் முன்னால் வந்தவளுக்கு எப்படித் தெரியும்? மாமாவின் இரண்டு பையன்களும் இங்கேயே பிறந்தவர்கள், இருவரும் பதிவு செய்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் "சொன்னேனே" என்கிறார். எங்களை இங்கே கொண்டுவந்தவர் அவர், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் சொல்லவில்லை.

இதை எழுதித் தா என்று அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே ஒரு கோடு போட்ட தாளில் நடந்ததைத் தமிழில் எழுதி, கீழே "என் மகனுக்கு இது தெரியாது, தப்பு என்னுடையது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மொழிபெயர்த்து, நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கி, ஃபாஃப்சா போடாதது ஏன் என்று அப்பா எழுதியதையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். ஐந்தாவது மாதம் அந்த அலுவலகத்தில் இருந்து மின்னஞ்சல் வந்தது, இடத்தை இதற்கு மேல் காலியாக வைத்திருக்க முடியாது, ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம் என்று. வேண்டுமென்றே செய்தவன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறேன், சம்பளம் குறைவில்லை. ஆனாலும் அந்த வேலையை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். தங்கை ஃபெடரல் வேலையில்தான் இருக்கிறாள், பெண் என்பதால் அவளிடம் இந்தக் கேள்வியே கிடையாது. அவள் சம்பளம், ப்ரமோஷன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

"தனியார் வேலை போதாதா" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: உங்களுக்குப் போதும் என்றால் சந்தோஷம். 25 வயதில் என்ன வேலை பிடிக்கும் என்று 35 வயதில்தான் தெரிகிறது. போருக்கு எதிரான கொள்கையால் பதிவு செய்யாதவர்களை நான் மதிக்கிறேன், விலை தெரிந்து செய்கிறார்கள். உங்கள் பையன் விஷயம் அது மாதிரித் தெரியவில்லை, வெறும் மறதி.

அதனால் இன்றைக்கு ராத்திரியே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து செலக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள், சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் இருக்கட்டும். 18 வயதிலேயே செய்திருக்க வேண்டும் என்று யோசித்துத் தயங்க வேண்டாம், தாமதமானாலும் 26க்குள் என்றால் ஏற்றுக்கொள்கிறார்கள். பெயரை சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே வரிசையில் போடுங்கள். முடிந்ததும் ஒரு பதிவு எண் வரும், அதை அச்செடுத்து க்ரீன் கார்டு நகலோடு வையுங்கள். அவன் அம்மாவிடமும் இது என்ன காகிதம் என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள்.