ஒரு வடை சாப்பிட்டா அதுக்கு எவ்ளோ நேரம் ஓடணும்னு கணக்கு போடற பழக்கத்த எப்படி விடறது?

டெய்லி ஒன்றரை மணி நேரம் ட்ரெட்மில்ல ஓடறேன், ஒரு வடை தின்னா கூட மனசு குத்துதுன்னு எழுதியிருக்கீங்க. இதே கணக்க நான் மூணு வருஷம் போட்டவ, அதனால சொல்றேன்.

எனக்கு நிச்சயம் ஆன புதுசுல அத்தை ஒருத்தங்க "கல்யாணத்துக்குள்ள கைய கொஞ்சம் கொறச்சுக்கோம்மா, போட்டோல தெரியும்"னு சொன்னாங்க. கெட்ட எண்ணமெல்லாம் இல்ல, நம்ம வீடுகள்ல "சாப்ட்டியா"வுக்கு அடுத்து "என்ன இப்படி பூசிட்ட"தானே கேப்பாங்க. மறுநாளே ஜிம்ல சேந்துட்டேன், 1,200 கலோரி சார்ட் ஒண்ணு கைல கொடுத்தாங்க.

வீட்ல டிஜிட்டல் வெயிட் மெஷின் இருந்துச்சு. எங்க வீட்டுத் தரை மேடு பள்ளம், டைலுக்கு டைல் நம்பர் மாறும், பாத்ரூம் வாசல்ல இருக்கற டைல்ல மட்டும் 400 கிராம் கம்மியா காட்டும். காலைல எந்திரிச்சதும் தண்ணி கூட குடிக்காம அந்த டைல்லதான் ஏறி நிப்பேன். 61.2 வந்தா அன்னிக்கு நல்ல நாள், 61.8 வந்தா மதியம் சோறு கிடையாது. அந்த 600 கிராம் ஒரு சொம்பு தண்ணியோ முந்தின நாள் ஊறுகாய் உப்போ, அவ்ளோதான். மாவுச்சத்த உடம்பு சேத்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணியும் கூடவே சேரும், டயட் ஆரம்பிச்ச முதல் வாரம் மளமளன்னு குறையறதுல பெரும்பகுதி இந்த தண்ணிதான். இது தெரியாம எத்தன நாள் அழுதிருக்கேன்.

ஒரு மார்கழில அம்மா கோயில்ல இருந்து தொன்னைல சக்கரைப் பொங்கல் கொண்டு வந்து "பிரசாதம்டி, ஒரு வாய்"னு ஊட்டினாங்க. முழுங்கிட்டு நேரா மொட்டை மாடிக்கு போய் 40 நிமிஷம் ஸ்கிப்பிங். கயிறு தரைல அடிக்கற சத்தம் கீழ அவங்களுக்கு கேட்டிருக்கு. அதுக்கப்புறம் அவங்க எனக்கு கொடுக்கறதையே நிறுத்திட்டாங்க, தொன்னைய அடுப்படில வெச்சு தனியா சாப்பிடுவாங்க. அது எனக்கு இன்னும் வலிக்குது.

நாலு மாசம் பீரியட்ஸ் வரல. டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு டாக்டரம்மா "உங்களுக்கு வியாதி இல்ல, சாப்பாடு பத்தல, பத்தாதப்போ மூளையே பீரியட்ஸுக்கான சிக்னல கொறச்சிடும்"னாங்க. 1945-ல அமெரிக்கால மின்னசோட்டா யுனிவர்சிட்டில 36 ஆம்பளைங்கள ஆறு மாசம் ஒரு நாளைக்கு சுமார் 1,600 கலோரில வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல மன உறுதி இருந்த ஆளுங்கதான், ஆனாலும் எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புத்தகம் சேக்கறது, எரிச்சல், மனச்சோர்வுன்னு ஆயிட்டாங்க. அத படிச்சப்பதான் எனக்கு மன உறுதி இல்லங்கற நெனப்பே போச்சு, பசிச்ச உடம்பு அப்படித்தான் பண்ணும்.

நான் செஞ்சத சொல்றேன். மெஷின பரண்ல போட்டேன். ட்ரெட்மில் எனக்கு புடிக்கவே புடிக்காது, அத விட்டுட்டு வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்க ஆரம்பிச்சேன், அதுவும் மூணு வேளை வயிறார சாப்ட்டுட்டு. நோட்ல கலோரிக்கு பதிலா எத்தன கிலோ தூக்கினேன், ராத்திரி எப்படி தூங்கினேன்னு எழுதினேன். ஆறாவது மாசம் 20 லிட்டர் தண்ணி கேன கீழ இருந்து ரெண்டு மாடி ஏத்தி ஒரு சொட்டு சிந்தாம கவுத்தேன், அத்தை கொறைக்க சொன்ன அதே கைதான். அன்னிக்கு வந்த சந்தோஷம் 61.2 ஒரு நாளும் கொடுக்கல.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூட ரெண்டு நாள் தசைக்கு. நீங்க ஓடறது 630 நிமிஷம். நிறைய ஓடறது தப்பில்ல, ஓட புடிச்சா ஓடுங்க, ஆனா வடைக்கு தண்டனையா ஓடாதீங்க. ஒரு நாள் ஓடலன்னா பதட்டமா இருக்கு, இல்ல சாப்ட்டத வாந்தி எடுக்க தோணுதுன்னா தயவுசெஞ்சு தள்ளிப் போடாம டாக்டர பாருங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

போன மார்கழில நானே அடுப்படிக்கு போய் "எனக்கு?"னு கேட்டேன். அம்மா ஒண்ணும் பேசல, அவங்க தொன்னைல இருந்த முந்திரிய எல்லாம் பொறுக்கி என் பக்கம் தள்ளி வெச்சாங்க.