பரணில் கிடந்த படையும் பிரிக்காத விமானமும்

கேள்வி: மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும் என்று மன்னார்குடிப் பூர்வீக வீட்டின் பரணைக் காலி செய்தோம். முப்பது ஆண்டுகளாகத் திறக்காத ஒரு டிரங்குப் பெட்டியில் என் சிறுவயதுப் பொம்மைகள் இருந்தன. ஜி.ஐ. ஜோ வீரர்கள், ஒரு ஹீ-மேன், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விமான மாடல் கிட்டுகள். கிட்டுகளில் இரண்டு பாதி ஒட்டியவை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் போர் விமானக் கிட்டு ஒன்றைப் பிரிக்கவே இல்லை. வீரர்களைத் தொட்டால் இடுப்போடு கழன்று விழுகிறார்கள். ஹீ-மேன் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறான். பிரிக்காத பெட்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார் சென்னை நண்பர். ‘எனக்கு எதுவும் வேண்டாம், விற்றால் மட்டும் பாதி கொடு’ என்கிறான் தம்பி. ஒன்பது வயது மகள் விளையாடக் கேட்கிறாள். எனக்கு வயது 46. விற்பதா, மகளிடம் கொடுப்பதா? நானே உட்கார்ந்து ஒட்டினால் ஊர் சிரிக்காதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். எல்லாவற்றையும் மறுபடி அதே பெட்டியில் போட்டு மூடிவிட்டீர்களோ என்பதுதான் என் கவலை. மூடியிருந்தால் இன்றைக்கே பிரித்து வையுங்கள். ஹீ-மேனின் தலை போன்ற மெத்தென்ற பகுதிகள் பி.வி.சி. பிளாஸ்டிக். அதை இளக்கமாக வைத்திருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியே கசியும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். விமானக் கிட்டு பாலிஸ்டைரீன். பார்க்கக் கெட்டி, ஆனால் அந்தக் கசிவு பட்ட இடம் இளகிக் குழிந்துவிடும். இரண்டும் ஒரே பெட்டியில் உரசிக்கொண்டு கிடந்தால் நஷ்டம் விமானத்துக்குத்தான்.

இன்னொன்று. நம் பக்கத்தில் டிரங்குப் பெட்டி என்றாலே நான்கைந்து பாச்சை உருண்டை போடாமல் யாரும் மூடுவதில்லை. பட்டுப் புடவைக்குச் சரி. பாலிஸ்டைரீனுக்கு அந்த ஆவியே ஆகாது. கிட்டுகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான அறையில் வெயில் படாமல் வையுங்கள். பூச்சிக்குப் பயமாக இருந்தால் வசம்புத் துண்டு போதும். காவிரிப் பாசன ஊர்களின் ஈரத்துக்கு, செருப்புக் கடைப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக் கிட்டுப் பெட்டிகளுக்குள் போடுங்கள்.

ஹீ-மேனை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போக வேண்டாம். பிசுபிசுப்போடு முகத்தின் பெயின்டும் போய்விடும். சில மாதங்களில் மறுபடி கசியும். மறுபடி கழுவ வேண்டியதுதான்.

வீரர்கள் இடுப்போடு கழல்வது பெரிய சேதம் இல்லை. அவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம், ஓ-ரிங். அதுதான் இற்றுப்போயிருக்கிறது. முதுகில் ஒரே ஒரு திருகாணி இருக்கும். சின்ன ஸ்டார் திருப்புளியால் அதைக் கழற்றினால் மார்பும் முதுகும் இரண்டாகப் பிரியும். தலை, கைகள் எல்லாம் உதிரும். பயப்படாதீர்கள், அதன் அமைப்பே அப்படித்தான். கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில் புது வளையத்தை மாட்டி, இடுப்புத் துண்டின் வழியாக மேலே இழுத்து, மார்புக்குள் இருக்கும் குச்சியில் மாட்டி மூடுங்கள். கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் வேலை வைக்கும், அவ்வளவுதான். இற்ற வளையத்தின் மிச்சத்தையும் பிரித்த வீரர் ஒருவரையும் எடுத்துக்கொண்டு மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்குப் போனால், ஏறக்குறைய அதே அளவில் பொறுக்கித் தருவார்கள். திருகாணியை மட்டும் அழுத்தி முறுக்காதீர்கள். வயதான பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அதற்கு மருந்து இல்லை.

இப்போது விலை. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987-இல் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனம்தான் ஜி.ஐ. ஜோவை இந்தியாவிலேயே தயாரித்து விற்றது. அமெரிக்க வீரர்களிடமிருந்து நிறத்தில் மாறுபட்டவர்கள் அதில் உண்டு. அந்த வேறுபாட்டுக்காகவே அவர்களைத் தேடும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தேடுவது அட்டையோடு, துப்பாக்கியோடு, முதுகுப் பையோடு இருப்பவற்றை. உங்கள் வீரர்கள் நிராயுதபாணிகள் என்று நினைக்கிறேன். ஸ்பிட்ஃபயரைப் பொறுத்தவரை, ஏர்ஃபிக்ஸ் அதை 1950-களிலிருந்தே வெளியிட்டு வருகிறது, பழைய அச்சுகளையும் மறுபடி மறுபடி சந்தைக்குக் கொண்டுவருகிறது. கடையில் புதிதாகக் கிடைக்கும் பொருளுக்குப் பழைய பெட்டி என்பதற்காக யாரும் அள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள். உங்கள் நண்பர் பார்த்திருப்பது விற்பவர்கள் கேட்கும் விலையை. உண்மையில் கைமாறிய விலை என்ன என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதனால் என் அபிப்பிராயம்: ஸ்பிட்ஃபயரைப் பிரியுங்கள். பிரிக்காமல் வைத்திருந்தாலும் அது இளமையாக இருக்கப்போவதில்லை. விமானத்தின் மேல் நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்தான் முதலில் கெடும். பழுப்பேறியிருந்தால் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிச் சில நாள் வெயில் காட்டுங்கள், பெரும்பாலும் வெளுக்கும். நீரில் போட்டால் சிதறும் என்று தோன்றினால் முன்கூட்டியே ஒரு பூச்சு தெளிந்த வார்னிஷ் அடித்துக்கொள்ளுங்கள். குழாயில் வந்த பழைய பசை காய்ந்திருக்கும். பாலிஸ்டைரீன் பசை புதிதாக வாங்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் ஃபெவிகால். அவசரக்காரர்கள் அங்கே சூப்பர் க்ளூ வைத்துவிட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டதே என்று வருந்துவார்கள். பாதி ஒட்டிய இரண்டிலும் பழைய பெயின்ட் இருக்கும். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்க வேண்டாம், அந்த வேலையின்போது மகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஊர் சிரிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிக்கு வேறு வேலை இருக்கிறது. பதினொரு மீட்டர் சொச்சம் இறக்கையுள்ள விமானத்தை 72-இல் ஒரு பங்காக, பதினைந்தரை சென்டிமீட்டராக ஒட்டி முடிக்க உட்கார்ந்து பாருங்கள், சிரிப்பவர்களைக் கவனிக்க நேரம் இருக்காது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-இல் சுகோய்-30 படைப்பிரிவு வந்துவிட்டது. அடுத்து என்ன ஒட்டுவது என்பதை மகளே வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடும்.

வீரர்களை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஓ-ரிங் மாற்றும்போதே அவளையும் பக்கத்தில் உட்கார்த்தி வையுங்கள். கழன்றால் அடுத்த முறை அவளே மாட்டுவாள். வீட்டில் கொலு வைப்பீர்கள் என்றால் வரும் நவராத்திரிக்குக் கீழே கட்டும் பார்க் முழுவதையும் வீரர்களுக்கு ஒதுக்கலாம். செட்டியார் பொம்மைக்கு எதிரே துப்பாக்கிப் படையா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், கிரிக்கெட் டீமுக்கு இடம் கொடுத்த கொலுதானே இது என்று சொல்லுங்கள்.

தம்பியின் ஒப்பந்தம் கெட்டிக்காரத்தனமானது. லாபத்தில் மட்டும் பங்கு. அதைச் சற்று மாற்றி எழுதுங்கள். சித்தப்பா இருவருக்கும்தானே கொண்டுவந்தார்? பாதி ஒட்டியதில் ஒன்றைப் பெட்டியோடு தம்பிக்கு அனுப்பிவிடுங்கள். மீதியை அவர் ஒட்டி முடித்தால் பிறகு கணக்குப் பேசலாம்.

கடைசியாகப் பருவம். ஒட்டும் வேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்து தாராளமாகச் செய்யலாம். ஸ்ப்ரே பெயின்டை மட்டும் அப்போது தொடாதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு வெளிறிப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். பொங்கல் கழிந்து, நல்ல வெயில் ஏறிய ஒரு முற்பகலில் மொட்டை மாடியில் அடியுங்கள்.