லிஃப்ட் ஏறாத டிராக்டர்: கேள்விகளும் பதில்களும்

சிறு டீசல் டிராக்டர்களின் ஹைட்ராலிக் பழுதுகளை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் முதலியவற்றின் பழுதுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, தஞ்சைப் பகுதிப் பட்டறை ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இன்ஜின், டயர், கடன் தவணை ஆகியவற்றுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (மன்னார்குடி): குறுவைக்காகக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுப் பத்து நாள் சேற்றுழவு ஓட்டினேன். இப்போது லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் போல இருக்கிறது. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா ஐயா?

பதில்: பம்பைத் தொடாதீர்கள். இந்த வகை டிராக்டர்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான் ஓடுகிறது. ஆகவே அச்சு மூழ்கும் சேற்றில் ஆக்சில் சீல் வழியாகவோ பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின்தண்டு) சீல் வழியாகவோ கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாகவோ புகும் தண்ணீர் நேராக லிஃப்ட் பம்புக்குப் போய்ச் சேருகிறது. வெளுத்த எண்ணெயெல்லாம் தண்ணீர் கலந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் காற்று இழுத்தாலும் நுரைத்து வெளுக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் தெளிந்திருந்தால் காற்று. வெளுப்பு மாறாமலோ, அடியில் தண்ணீர் தங்கியோ இருந்தால் சீல் பழுது. சுட்ட தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் கலந்த எண்ணெய் சடசடவென்று வெடிப்பதையும் பார்க்கலாம். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் என்று உறுதியானால், வண்டியை அரைமணி நேரம் ஓட்டிச் சூடேறியபின் கருவியை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி வடியுங்கள். ஸ்டிரெய்னரை (எண்ணெய் வடிகட்டும் சல்லடையை) கழற்றிக் கழுவுங்கள். வடிகால் திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல இருப்பது இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் இருந்தால் அப்போதுதான் பிரித்துப் பார்க்கும் பேச்சு. டீசலை ஊற்றி அலசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் மூலைகளில் தங்கும் டீசல் புது எண்ணெயை நீர்த்துவிடும். கையேட்டில் குறித்த எண்ணெயையே ஊற்றி ஓரிரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் மறுபடி வடிக்க வேண்டியதுதான். சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த சேற்றில் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): பழைய ஃபெர்குசன் டி.இ.20. லிஃப்ட் அடியோடு வேலை செய்யவில்லை.

பதில்: பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வண்டியில் லிஃப்ட் பம்பைச் சுற்றுவது பி.டி.ஓ. தண்டுதான்.

கேள்வி (திருவாரூர்): ரோட்டவேட்டர் ஓட்டும்போது ஆழம் நிலையாக நிற்பதில்லை, தானாகவே மண்ணுக்குள் இறங்குகிறது.

பதில்: நீங்கள் டிராஃப்ட் கண்ட்ரோலில் ஓட்டுகிறீர்கள். மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசையை டாப் லிங்க் (கருவியை வண்டியோடு பிணைக்கும் மேல் தண்டு) வழியாக உணர்ந்து லிஃப்ட் தன்னைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஹாரி ஃபெர்குசன் வகுத்து, 1939-இல் ஃபோர்டு 9என் வண்டியோடு பரவியது. ரோட்டவேட்டரோ சுழலும் கத்தியால் வண்டியை முன்னே தள்ளும். இழுப்பே இல்லாததால், ஆழம் போதவில்லை என்று எண்ணி லிஃப்ட் இறக்கிக்கொண்டே போகிறது. கருவியை வைத்த உயரத்திலேயே பிடித்து நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலுக்கு மாறுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு): தூக்கிய கலப்பை, இன்ஜின் ஓடும்போது தலையாட்டுவது போல நொடிக்கொரு முறை ஏறி இறங்குகிறது.

பதில்: உள்ளே எங்கோ கசிகிறது. கசிந்து இறங்கியதும் வால்வு திறந்து மறுபடி ஏற்றுகிறது, அதுதான் அந்தத் தலையாட்டம். பிஸ்டன் சீல், கண்ட்ரோல் வால்வு, குழாய் இணைப்பு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஆகியவற்றில் முதலில் பார்க்க வேண்டியது மலிவான ஓ-ரிங். தூக்கிய கருவியின் கீழே எவரும் தலை நீட்டக் கூடாது; இன்று எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

கேள்வி (பேராவூரணி, மெக்கானிக்): ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை விடும் வால்வு) ஸ்பிரிங்கின் பின்னால் ஒரு வாஷர் போட்டால் லிஃப்ட் பலமாகிறது. இருபது வண்டிகளுக்குப் போட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இதைத் தவறு என்கிறார்களே, ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் அது சுமார் 7,500 கிலோ விசையில் தள்ளுகிறது. வாஷரால் பத்து விழுக்காடு ஏற்றினால் இன்னும் 750 கிலோ. அது ராக்கர் ஆர்மிலும் லிஃப்ட் மூடியின் போல்ட்டுகளிலும் ஏறுகிறது. போதாததற்கு முன்சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பும். லிஃப்ட் பலவீனமாவதற்குக் காரணம் கசிவு என்றால், வாஷர் அந்தக் கசிவை மறைத்து வைக்கிறதே தவிர அடைப்பதில்லை.

அதே மெக்கானிக்: மறைத்தால் என்ன? விவசாயிக்கு அன்றைக்கு வேலை நடக்க வேண்டும். நாற்று முதிர்ந்துவிட்டால் யார் பொறுப்பு?

பதில்: அந்த அவசரம் எனக்கும் தெரியும்; மேட்டூரில் தண்ணீர் விட்ட மறுவாரம் பட்டறை வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்தவன் நான். அதற்காகத்தான் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பத்து நிமிட வேலை. வாஷரை எடுத்துவிட்டு, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறையும் ஒரு மணி நேரம் உழுதபின் ஒரு முறையும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் சண்டை போடலாம்.

கேள்வி (வேதாரண்யம்): லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். டிப்ஸ்டிக், ஸ்டிரெய்னர், அதன்பின் மற்றவை.

கேள்வி (நன்னிலம்): லிஃப்ட் மெதுவாக ஏறுகிறது. பம்ப் எந்தக் கம்பெனியில் வாங்கலாம்?

பதில்: டிப்ஸ்டிக்கைப் பார்த்தீர்களா?

கேள்வி (பாபநாசம்): டிப்பர் டிரெய்லர் குழாயில் மெல்லியதாகப் பீச்சுகிறது. கையால் தடவியும் இடம் பிடிபடவில்லை.

பதில்: கையை எடுங்கள். ஊசிமுனைத் துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். எங்கள் பட்டறையில் ஒருவருக்கு விரல் நுனியில் எறும்பு கடித்தாற்போல ஒரு புள்ளிதான் தெரிந்தது. மாலைக்குள் கை வீங்கி அறுவை சிகிச்சை வரை போயிற்று. அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். அட்டை நனையும் இடம்தான் துளை. ஏற்கெனவே பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

பேராவூரணி மெக்கானிக், மீண்டும்: கேஜ் வைத்தேன். குளிரில் 150 காட்டியது, சூட்டில் 105-க்கு இறங்கிவிட்டது.

பதில்: ரிலீஃப் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குளிரிலும் குறைத்தே காட்டியிருக்கும். சூட்டில் எண்ணெய் இளகியதும் விழுகிறது என்றால் அது உள்கசிவு. பிஸ்டன் சீலில் தொடங்குங்கள். கழற்றுவதற்கு முன் கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டீர்களா?

மெக்கானிக்: இறக்கிவிட்டேன் ஐயா.